நிரஞ்சலாவின் பல் அச்சு

காலையில் மேலும் கீழுமாகத் தனித்தனியே வைத்துவிட்டுப் போன இரண்டு பிளாஸ்டர் அச்சுகளும், மாலையில் ஒன்றையொன்று இறுகக் கடித்துக்கொண்டிருந்தன. உதவிக்கு நிற்கும் ரிஸ்கா சேர்த்து வைத்திருப்பாள் என்று பல் டாக்டர் றுஸைனா நினைத்தாள். ரிஸ்கா இன்று லீவு.

அது நிரஞ்சலாவின் பல் அச்சு. நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. அண்ணத்தின் நடுவில் ஒரு பல் கூடுதலாக, அதுவும் தலைகீழாக முளைத்திருந்தது. கல்யாணத்துக்கு முன் பிடுங்கிவிட வேண்டும் என்று வந்தவள். அச்சு எடுத்த அதே வாரம் மண்சரிவு அவர்கள் குடியிருந்த லய வீட்டு வரிசையையே விழுங்கியது. வேலைக்குப் போயிருந்த அப்பா வீரசிங்கம் மட்டும் மிஞ்சினார்.

"ஒன்னுமே கெடைக்கலங்க மிஸ். இந்தப் பல்லுதான் இருக்கு. குடுத்தீங்கன்னா பொதச்சிட்டு, காரியம் செஞ்சிருவேன்."

"கொஞ்சம் பொறுங்க ஐயா. இத வச்சி எழுதிக்கிட்டு இருக்கேன். முடிஞ்சதும் தாரேன்."

அபூர்வமான கேஸ், மருத்துவ சஞ்சிகை அவள் கட்டுரையைக் கட்டாயம் போடும். வீரசிங்கம் பலமுறை பஸ் ஏறி பதுளைக்கு வந்தார், வாங்குப் பலகையில் உட்கார்ந்தார், வெறுங்கையோடு போனார். ஒவ்வொரு முறையும் றுஸைனாவுக்கு நெஞ்சு வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் கொடுக்கவில்லை.

இன்று கட்டுரையில் ஒரு தலைப்புதான் பாக்கி: சிகிச்சைக்குப் பின். வெளியே கூரைத் தகரத்தில் மழை ஓயாமல் கொட்ட, கரண்ட் போன அறையில் லெப்டொப்பின் நீல வெளிச்சம் மட்டும் சுவரில் நடுங்க, கராம்பு எண்ணெய் வாசத்தை மெல்ல மெல்ல அமுக்கிக்கொண்டு எங்கிருந்தோ ஈர மண் வாசம் ஏறியது. என்ன எழுதுவது? எல்லா டாக்டர்மாரும் எழுதுகிற, நோயாளி தலையில் பழியைப் போட்டுவிட்டுத் தப்புகிற அந்த வசனத்தையே அடித்தாள்.

நோயாளி மீண்டும் வரவில்லை.

அடுத்த அறையில் நாற்காலியின் மோட்டார் உறுமியது. நோயாளியைச் சாய்க்கும்போது எழும் அதே சத்தம்.

கரண்ட் இல்லையே.

துப்பும் கிண்ணத்தில் தண்ணீர் சுழன்றது. நின்றது. றுஸைனா அச்சைக் கையில் எடுத்தாள். கொடுத்துவிடலாம். இப்போதே கொடுத்துவிடலாம். கதவைத் தள்ளினாள்.

நிரஞ்சலா படுத்திருந்தாள். பாவாடையிலிருந்து சேறு சொட்டியது. சொல்லாமலே வாயை அகலத் திறந்தாள்.

உள்ளே மண். ஒரு பல்கூட இல்லை.

றுஸைனாவுக்குப் பயத்தை முந்திக்கொண்டு அழுகை வந்தது. "மன்னிச்சிக்க புள்ள. இந்தா... இந்தா, ஒன்ட பல்லு."

பிளாஸ்டரை அந்தக் கை தொடவில்லை. அதைத் தாண்டி மேலே வந்தது. குளிர்ந்த விரல் ஒன்று றுஸைனாவின் உதட்டை விலக்கி, பற்களை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தது.