யாரை மாதிரி ஆகணும்?

வெளிச்சம் இன்னும் சரியாகப் பரவாத நேரம். பால் பொங்கக் காத்து நின்ற ஜெயம்மாள் சமையலறை வாசலிலிருந்து திரும்பிப் பார்த்தபோது, கூடத்துப் பாயில் படுத்திருந்த சுலோச்சனா தூக்கம் கலையாமலே எழுந்து உட்கார்ந்தாள். கண்கள் மூடியிருந்தன. மெல்லிய குறட்டை நிற்காமல் வந்துகொண்டிருந்தது. ஆனாலும் முதுகு நிமிர்ந்து, கால்கள் நேராக நீண்டு, இடுப்புக்கு மேலே உடம்பு முழுவதும் முன்னால் மடிந்து, நெற்றி முழங்காலில் போய்ப் படிந்தது. குறட்டை அப்போதும் வந்தது, முழங்கால்களுக்கு நடுவிலிருந்து.

வேறு யாராவது பார்த்திருந்தால் பயந்திருப்பார்கள். ஜெயம்மாள் அந்த இடுப்பைத்தான் பார்த்தாள்.

திருத்தணியில் மலைக்குப் போகிற பாதையிலிருந்து பிரியும் தெருவில், பின்கட்டில் விசைத்தறி ஓடும் வீடு அது. அண்ணன் கோதண்டபாணிக்கு வாழ்க்கைப்பட்டவள் ஜெயம்மாள். தம்பி பக்தவச்சலத்துக்கு வாழ்க்கைப்பட்டவள் சுலோச்சனா. எமர்ஜென்சி முடிந்த மறுவருஷம், தறிக்கான பாவு நூல் சுற்றிய உருளையைத் தூக்கப்போய் சுலோச்சனாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. நிமிரவே முடியவில்லை. யோகாசனம் கற்றுக்கொண்டால் சரியாகும் என்று மெட்ராஸ் டாக்டர் சொல்ல, பெரம்பூரில் தாய்வீட்டில் தங்கி நல்ல இடமாகத் தேடினாள். அந்தத் தேடலை, திருத்தணிக்குத் திரும்பி வந்த புதிதில் சிரிக்கச் சிரிக்கச் சொல்வாள். கல்யாண மண்டபத்தில் ஒரு மாஸ்டர் மைக் பிடித்துப் பேசிக்கொண்டே இருப்பாராம், பாதிப் பேர் தூங்கிவிடுவார்களாம். மொட்டை மாடியில் ஒருத்தர், பெண்பிள்ளைகளின் தோளைச் சரிபண்ண வைத்த கையை எடுக்கவே மாட்டாராம். அதற்கப்புறம் கிடைத்த இடத்தைப் பற்றி மட்டும் அவள் வாயே திறக்கவில்லை.

ஆனால் அங்கே போய்வந்தவளின் உடம்பு பேசியது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் கூட்டத்தோடு படியேறினபோது ஜெயம்மாளுக்கு நாக்கு வெளியே தள்ளியது. சுலோச்சனாவுக்கு மூச்சுகூட வாங்கவில்லை. மேலே வளையல் கடைக்காரி சுலோச்சனாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஜெயம்மாளைப் பார்த்து, "உம் பொண்ணுக்கு இன்னா கலர்ல வேணும்மா?" என்று கேட்டாள். கோதண்டபாணி சிரித்துவிட்டான். அன்றிரவு ஜெயம்மாள் சாப்பிடவில்லை. பாத்திரம் தேய்க்கும்போது, துணி உலர்த்தும்போது, பின்கட்டுக் கஞ்சி வாடையில் நின்று நூல் முறுக்கைப் பிரிக்கும்போது எல்லாம் அந்தச் சிரிப்பு காதில் தறிச் சத்தம் மாதிரி ஓடிக்கொண்டே இருந்தது.

"எங்க கத்துகினேன்னு சொன்னா இன்னாடி கொறஞ்சிடும்?" என்று ஒருநாள் நேராகவே கேட்டாள்.

சுலோச்சனா அவளைப் பார்க்கவில்லை. "வேணாங்கா. அங்க போவாதீங்க."

"நீ மட்டும் போலாம், நான் போவக் கூடாதா?"

"நல்லதுக்குத்தாங்கா சொல்றேன்."

நல்லதுக்காம். எல்லா நல்லதையும் தானே வைத்துக்கொள்ளப் பார்க்கிறாள் என்று ஜெயம்மாளுக்கு நெஞ்சு எரிந்தது. கொழுந்தனிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டாள். பக்தவச்சலம் சூது தெரியாதவன். "புரசைவாக்கத்துல, ஐஸ் பாக்டரிக்குப் பின்னால சந்துல, மாடிமேல அண்ணி" என்றான்.

கண்ணாடி போடணும், கண்ணைக் காட்டி வருகிறேன் என்று புருஷனிடம் சொல்லிவிட்டு அவள் ரயிலேறினாள்.

மாடிப்படியில் ஈரச் சுண்ணாம்பு வாடை அடித்தது. மேலே நீண்ட ஹால். ஜமுக்காளம் விரித்து வரிசை வரிசையாகப் பெண்கள். கட்டளையிடும் குரல் எதுவும் இல்லை. ஒருத்தி கையைத் தூக்கினால் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கும் இன்னொருத்தியின் கையும் உயர்ந்தது; அவளைப் பார்க்கும் வேறொருத்திக்கும் உயர்ந்தது. வேர்வை வாடையே இல்லாதது விசித்திரமாக இருந்தது. ஆனால் அத்தனை பேரின் முதுகும் அத்தனை அழகு! இப்படி ஒரு இடத்தை மறைத்தாளே பாவி என்றுதான் ஜெயம்மாள் நினைத்தாள்.

நரைத்த தலையை இறுக்கி முடிந்திருந்த டீச்சரம்மா அருகில் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"யார மாதிரி ஆகணும்?"

ஜெயம்மாள் யோசிக்கவே இல்லை. "எங்க ஓர்ப்படி சுலோச்சனா மாதிரி. இங்கதான் வந்துகினு இருந்தா."

டீச்சரம்மா அவள் நடுமுதுகில் உள்ளங்கையை வைத்து லேசாக அழுத்தினாள். ஐஸ் வைத்த மாதிரி இருந்தது. "ஆயிடுவீங்க. இனிமே இங்க வரத் தேவையில்ல" என்றாள்.

அப்படியே ஆனது. ஒரு மாதத்துக்குள் ரவிக்கைகளைப் பிடித்துத் தைக்க வேண்டி வந்தது. குனிந்தால் உள்ளங்கை தரையில் பதிந்தது. எதிர்வீட்டு வரலட்சுமி, "இன்னா ஜெயம்மா, வயசு திரும்பிகினு போவுதா?" என்று கேட்டபோது சுலோச்சனாவும் பக்கத்தில் இருக்கிறாளா என்று திரும்பிப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். சுலோச்சனா இருந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. பொறாமை, வேறென்ன என்று ஜெயம்மாளுக்கு உள்ளுக்குள் இனித்தது.

பிறகு, குழம்பு கிளறிக்கொண்டிருந்த ஒரு காலையில் அவள் கை கரண்டியை விட்டது. இரண்டு கைகளும் தலைக்குப் பின்னால் போயின. இல்லாத சிக்கை விரல்கள் எடுத்தன. மூன்று கால் பின்னலாகக் காற்றைப் பின்னின. குழம்பு அடிபிடித்துப் புகைந்தது. கைகளைக் கீழே இறக்க முடியவில்லை. கூடத்தை எட்டிப் பார்த்தாள். அங்கே சுலோச்சனா கண்ணாடி முன் உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அது நிற்கவில்லை. அவள் திரும்பினால் இவள் கழுத்து திரும்பியது. அவள் உட்கார்ந்தால் இவள் முழங்கால் மடங்கியது. ஜெயம்மாள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அந்த இடுப்பு போய்விடுமோ என்று பயம்.

ஆனால் சில நாட்களாகச் சுலோச்சனா படுத்தே கிடந்தாள். ஜெயம்மாளுக்கும் எழுந்திருப்பது பாரமாக இருந்தது. தன்னைப் படுக்கவைக்கத்தான் அவள் வேண்டுமென்றே படுத்துக் கிடக்கிறாள் என்று தோன்றியது. ஆண்கள் இருவரும் நூல் விஷயமாகப் பள்ளிப்பட்டுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் கரண்ட் போனது. அக்கம்பக்கத்து வீட்டுத் தறிகள் எல்லாம் ஓய்ந்தன. அந்த அமைதியில் சுலோச்சனாவின் மூச்சு மட்டும் கேட்டது. கரகரவென்று, நீளமாக, ஒரு கிழவியின் மூச்சு. ஜெயம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"ஏண்டி, என்ன ஆட்டி வைக்கத்தான இப்டிப் படுத்துகினு கீறே?"

சுலோச்சனா விழித்துப் பார்த்தாள். "அக்கா… நீங்க அங்க போனீங்களா?"

"ஆங், போனேன். இன்னா இப்ப?"

"யாரக் காட்டினீங்க?"

"உன்னத்தான்."

சுலோச்சனாவின் கண்களில் தண்ணீர் முட்டியது. "போச்சுக்கா. நான் அங்க இருந்த வேற ஒரு அம்மாவக் காட்டினேன். வயசானவங்க, ஆனா வில்லு மாதிரி வளைவாங்க. அவங்க சீக்குல விழுந்துட்டாங்க போல. இந்த மூச்சு என்னுது இல்லக்கா. அவங்க…"

மூச்சு நின்றது.

ஜெயம்மாள் காத்திருந்தாள். அடுத்த மூச்சு வரவில்லை.

யாரோ விரலால் தடவி இறக்கியது போல் சுலோச்சனாவின் இமைகள் மூடின. தாடை மெல்ல மேலேறி, துணி வைத்துக் கட்டியது போல் இறுகியது. இரண்டு கைகளும் நெஞ்சின் மேல் போய்ச் சேர்ந்தன. கால் கட்டைவிரல்கள் ஒன்றையொன்று தேடி ஒட்டிக்கொண்டன. மூடிய இமைகளுக்கு உள்ளே கண்மணிகள் மட்டும் இப்படியும் அப்படியும் ஓடின. ஓரத்திலிருந்து கண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

தெருவுக்கு ஓட வேண்டும். வரலட்சுமியைக் கூப்பிட வேண்டும். திரும்பினாள். முழங்கால்கள் விறைத்தன. சுவர் கையை விட்டுப் போனது. சுலோச்சனாவுக்குப் பக்கத்திலேயே மல்லாந்து விழுந்தாள், முகம் மட்டும் அவள் பக்கமாக.

தாடை இறுகியது. கைகள் நெஞ்சுக்கு வந்தன. கால் கட்டைவிரல்கள் ஒட்டின. இமைகள் பாதிதான் இறங்கின. அந்தக் கீற்று வழியாக எல்லாம் தெரிந்தது. மூச்சு வரவில்லை. வேண்டியிருக்கவும் இல்லை.

எவ்வளவு நேரமோ. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. கோதண்டபாணியின் வேர்வை வாடை மட்டும்; தம்பி இன்னும் வரவில்லை. கத்தினாள். உள்ளேதான் கத்தினாள்.

"இன்னா, ரெண்டு பேரும் ஒண்ணா யோகாசனமா?" அவன் சிரித்துக்கொண்டே தண்ணீர் மொண்டு குடித்தான். கரண்ட் வந்தது. அக்கம்பக்கத்துத் தறிகள் ஓட ஆரம்பித்தன. அவன் பின்கட்டுக்குப் போய்விட்டான்.

சுலோச்சனாவின் உதடுகள் கொஞ்சமாகப் பிரிந்தன. மூடின. மறுபடி பிரிந்தன. மூடின. பேசவில்லை. யாரோ பிரிக்கிறார்கள். ஒருவர் பின் ஒருவராக. வாய்க்கரிசி. புரசைவாக்கத்தில் எங்கோ ஒரு வீட்டில் வரிசையாக வந்து போடுகிறார்கள்.

ஜெயம்மாளின் உதடுகள் பிரிந்தன.

மூடின.

பிரிந்தன.

கொஞ்ச நேரத்தில் அது நின்றது. போட இனி ஆளில்லை போலிருக்கிறது. பிறகு சுலோச்சனாவின் தலை இடமும் வலமுமாக அசைந்தது. மெதுவாக, ஒரே சீராக. பாடையைத் தோளில் ஏற்றித் தெருவில் கொண்டுபோகும்போது தலை ஆடுமே, அப்படி.

ஜெயம்மாளின் தலையும் ஆடத் தொடங்கியது.