திரையில் இரண்டு வரி கீழே

அப்பாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள். அப்பாவைக் கேட்கவில்லை. கேட்டாலும் அவரால் சொல்ல முடியாது. பக்கவாதம் அவருடைய பேச்சைப் பறித்துவிட்டது. இடது கை மட்டும்தான் அசையும்.

அந்த வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அக்காதான். கணினி படிக்கிறாள். அப்பாவுக்காக அவளே ஒரு புரோகிராம் எழுதினாள். ஓட்டைக் கணினி, மவுஸ் கிடையாது, படமும் கிடையாது. கறுப்புத் திரையில் ஆறு வரிகள்: தண்ணீர், பசி, போர்வை, விளக்கை அணை, வலிக்குது, கழிப்பறை.

அம்புக்குறியை அழுத்தினால், மினுக்கும் கர்சர் வரி வரியாக இறங்கும். வேண்டிய இடத்தில் நிறுத்தி எண்டரைத் தட்டினால், அந்த வார்த்தை திரையின் அடியில் பெரிதாக வரும். அம்மா அடுப்படியிலிருந்தே படித்துக்கொள்ளலாம்.

முதலில் ஒழுங்காகத்தான் நடந்தது. ஒரு வாரமாக எல்லாம் கோணல்.

'போர்வை' என்று வந்தது. அம்மா போர்த்தினாள். அப்பா உதறித் தள்ளினார். திரும்பவும் 'போர்வை'. திரும்பவும் உதறல். பட்டப்பகலில் 'விளக்கை அணை' என்றார். படுக்கை நனைந்தது, ஆனால் திரையில் ஒன்றுமே வரவில்லை. கடைசியில் அப்பா விசைப்பலகையைக் கீழே தள்ளிவிட்டார்.

அம்மாவின் அண்ணன் வந்து பார்த்தார்.

"மாப்பிள்ளைக்கு இனிமே ஒண்ணும் புரியாதும்மா. நோயாளிங்கள வச்சுப் பாத்துக்கிற இடம் ஒண்ணு இருக்கு. காலையில வண்டியோட வரேன்."

"இவரு இல்லாம எப்படிண்ணா..." என்றாள் அம்மா. அப்பாவின் சட்டைகளை மடிக்க ஆரம்பித்தாள்.

எல்லோரும் அப்பாவுக்கு எதிரே நின்று பேசினார்கள். பள்ளிக்கூடம் போகும் இளைய மகள் சின்னவள் மட்டும் போய் அப்பாவின் பக்கத்தில், கட்டிலில் உட்கார்ந்தாள். விசைப்பலகையை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"அப்பா, என்ன வேணும்? நிதானமாப் போடு. நான் எங்கயும் போகல."

அப்பா கர்சரை நகர்த்தவே இல்லை. அது முதல் வரியில், 'தண்ணீர்' மேல் மினுக்கிக்கொண்டிருந்தது. எண்டரைத் தட்டினார். அடியில் 'போர்வை' என்று வந்தது.

சின்னவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். விசைப்பலகையை வாங்கி, தானே ஒரு வரி இறக்கினாள். 'பசி'. தட்டினாள். 'விளக்கை அணை' என்று வந்தது. 'வலிக்குது' வரியில் தட்டினாள். ஒன்றும் வரவில்லை. 'கழிப்பறை'. அதிலும் ஒன்றும் வரவில்லை.

"அக்கா! அப்பா சரியாத்தான் சொல்றாரு. உன் கம்ப்யூட்டர்தான் உளறுது!"

"போடி பெரிய மனுஷி! நான் எத்தனை தடவை ஓட்டிப் பாத்திருக்கேன் தெரியுமா?"

"வந்து பாரேன். எதைத் தட்டினாலும் ரெண்டு வரி கீழ இருக்கிறதைச் சொல்லுது. கடைசி ரெண்டுக்குக் கீழ ஒண்ணுமே இல்ல. அதான் பேசாம இருக்கு."

அக்கா வந்தாள், பார்த்தாள். அவள் முகம் செத்துப்போனது.

"பாக்க அழகா இருக்கட்டும்னு போன வாரம்தான் வரிகளைச் சுத்திப் பெட்டி போட்டேன். மேல கோடு ஒரு வரி, தலைப்பு ஒரு வரி..."

"பெட்டி போட்டப்புறம் ஓட்டிப் பாத்தியா?"

"இல்ல. பஸ்ஸுக்கு நேரமாச்சு. கர்சர் எந்த வரியில இருக்குன்னு புரோகிராம் திரையோட உச்சியில இருந்தே எண்ணிட்டு இருக்கு. பெட்டிக்குள்ள இருந்து எண்ணணும்."

"அது சரி! நான் வகுப்புல மூணாவது பெஞ்சு. டீச்சர் ஸ்கூல் கேட்டுல இருந்து எண்ணினா, வாட்ச்மேன் தாத்தாதான் எழுந்து பதில் சொல்லணும்!"

அக்கா சிரிக்கவில்லை. "ஒரு வாரமா வலிக்குது வலிக்குதுன்னு சொல்லியிருக்காருடி," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு திருத்த உட்கார்ந்தாள். இந்த முறை ஆறு வரிகளையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள்.

காலையில் மாமா வந்தார். வாசலில் வண்டி நின்றது.

"கொஞ்சம் இருங்க மாமா," என்று சின்னவள் கதவை மறித்தாள். "அப்பா, நீ சொல்லு."

அப்பா தட்டினார். 'தண்ணீர்'. அம்மா கொடுத்தாள். ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

"குருட்டாம்போக்குல வந்திருக்கும்," என்றார் மாமா.

கர்சர் மெல்ல இறங்கியது. 'வலிக்குது'.

"எங்கங்க?" அம்மாவின் குரல் உடைந்தது.

அப்பா இடது கையால் வலது தோளைத் தொட்டார். இத்தனை நாளும் அவரை அந்தப் பக்கமாகத்தான் சாய்த்துப் படுக்க வைத்திருந்தார்கள். மாமாவே குனிந்து, அவரைத் தூக்கித் திருப்பினார். அப்புறம் யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போய் வண்டியைத் திருப்பி அனுப்பினார்.

அப்பாவுக்குப் பேச்சு வரவில்லை. வருமா என்று டாக்டருக்கும் தெரியாது. அன்று மதியம் அவர் அசந்து தூங்கினார். அக்கா மறுபடியும் கணினி முன்னால் உட்கார்ந்தாள்.

"இன்னும் என்னக்கா?"

"ஏழாவதா ஒரு வரி சேக்கிறேன்."

சின்னவள் எட்டிப் பார்த்தாள். பெட்டியின் கடைசியில் புதிதாக ஒரு வரி மினுக்கியது:

'நீங்கதான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க.'