மேனேஜரும் நீல பாட்டிலும்

மேனேஜருக்கு வயது பத்து. அந்த வேலையை அவளுக்கு யாரும் கொடுக்கவில்லை, அவளே எடுத்துக்கொண்டாள். செருப்பை எங்கே கழற்றுவது, துண்டை எங்கே காயப்போடுவது, தொலைக்காட்சியை எப்போது அணைப்பது, எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு சட்டம் இருந்தது. "சரிங்க மேனேஜர்!" என்று அப்பா ஒருநாள் கேலி செய்தார். அந்தப் பெயர் பசக்கென்று ஒட்டிக்கொண்டது.

அவள் தங்கையின் பெயர் தடபுடல். வயது ஆறு. அவள் ஓர் அறைக்குள் வருவதற்கு முன்னால் சத்தம் வரும். அடுத்து ஏதாவது கீழே விழும். அதற்கும் பிறகுதான் அவள் வருவாள்.

இவர்களுடைய சித்தி ஒரு தையல் கடை திறக்கப் போகிறார். தெருமுனையில் சின்னதாக ஓர் அறை. ஒரு தையல் மெஷின், துணி வெட்டும் மேசை, ஆளுயரக் கண்ணாடி, தெருவைப் பார்த்த ஜன்னல். அவ்வளவுதான் கடை.

"என்ன சித்தி, கடை இப்படி அழுது வடியுது?" என்றாள் மேனேஜர்.

"ஜன்னல்ல நாலு பூச்சாடி வைக்கணும்னு ஆசைதான். வாடகை கொடுத்ததுல என் பர்ஸும் சேர்ந்து அழுது வடியுது" என்று சித்தி சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

"கவலைய விடுங்க. நாளைக்குக் கடை திறக்கறதுக்குள்ள நாலு பூச்சாடி வரும். என் பொறுப்பு!" என்றாள் மேனேஜர்.

அன்று மாலை சமையலறை மேசையில் பழைய செய்தித்தாள் விரிந்தது. அதன் மேல் மூன்று ஜாம் பாட்டில்களும் ஒரு குட்டி மருந்து பாட்டிலும் கழுவித் துடைத்து வரிசையாக நின்றன. பக்கத்தில் ஒரு டப்பா வெள்ளைப் பசை, சமையலுக்குப் போடும் கலர்கள்.

வேலை சுலபம். கொஞ்சம் பசையில் சில சொட்டுக் கலரும் ஒரு ஸ்பூன் தண்ணீரும் கலக்க வேண்டும். அதை பாட்டிலுக்குள் ஊற்றி, உள்பக்கம் முழுவதும் படும்படி மெதுவாக உருட்ட வேண்டும். மிச்சம் வடிவதற்கு இரண்டு குச்சிகளின் மேல் கவிழ்த்து வைக்க வேண்டும். பள்ளியில் கைவேலை டீச்சர் சொல்லிக் கொடுத்தது.

"அக்கா, நான் உருட்டறேன்!" என்று தடபுடல் கையை நீட்டினாள். கலர் மூடி ஒன்று உருண்டு அடுப்புக்கு அடியில் ஓடியது.

"தொடாத! உன் கை பட்டா எல்லாம் கெட்டுப் போயிடும்!"

தடபுடல் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். அப்படியே நின்றாள். சத்தமே இல்லை. அவள் சத்தம் போடாமல் நிற்பதைப் பார்க்க மேனேஜருக்கே ஒரு மாதிரியாக இருந்தது.

"சரி, சரி. அந்தக் குட்டி பாட்டில் உன்னுது. மஞ்சள் எடுத்துக்கோ. மெதுவா!"

தடபுடல் நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு உருட்டினாள். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. மூக்கில் மட்டும் கொஞ்சம் மஞ்சள்.

"ஏன்க்கா மங்கலா இருக்கு? பால் கலந்த மாதிரி?"

"காயட்டும், பாரு. காலையில பளபளன்னு இருக்கும்."

சொன்னபடியே இருந்தது. மறுநாள் காலை சித்தியின் கடை ஜன்னலில் நீலம், பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று நான்கு பாட்டில்கள் நின்றன. வெயில் உள்ளே விழுந்ததும் வெள்ளைச் சுவரில் நான்கு நிறங்கள் ஆடின. நான்கிலும் நீலம்தான் அழகு. அது மேனேஜரின் செல்லம். வீட்டிலிருந்து அதை அவள் யாரிடமும் கொடுக்காமல் தானே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள்.

சித்தி கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "அடேயப்பா! இது என் கடைதானா? இருங்க, பூ வாங்கி வச்சிருக்கேன். பலகையை மாட்டிட்டு வந்து அழகா வைக்கலாம். மேனேஜர், ஒரு கை பிடி!"

பெயர்ப் பலகையை மாட்ட இருவரும் வெளியே போனார்கள். இந்தப் பக்கம் ஏற்று, அந்தப் பக்கம் இறக்கு என்று ஒரே கூத்து. ஒருவழியாகப் பலகை நேராக நின்றது. உள்ளே வந்து பார்த்தால் ஜன்னலில் மூன்று பாட்டில்தான் இருந்தது. தடபுடலைக் காணோம்.

வெட்டு மேசைக்கு அடியில் துணி மூட்டை ஒன்று விசும்பியது.

மேனேஜர் குனிந்து பார்த்தாள். தடபுடல் குட்டி பாட்டிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாட்டிலில் தண்ணீர், ஒரு பூ. மஞ்சள் நிறம் திட்டுத் திட்டாக உரிந்து தண்ணீரில் மிதந்தது. கவுனெல்லாம் மஞ்சள் கறை.

"என்னோடதுல நானே பூ வைக்கலாம்னு தண்ணி ஊத்தினேன். கெட்டுப் போச்சு" என்று தேம்பினாள்.

"போனா போகுது கண்ணு, அதுக்கா அழறே?" என்றார் சித்தி.

"என் கை பட்டா எல்லாம் கெட்டுப் போயிடும். அக்கா அப்பவே சொன்னா."

மேனேஜருக்குச் சுருக்கென்றது. கைவேலை டீச்சரின் மேசை அவளுக்கு ஞாபகம் வந்தது. டீச்சர் தான் செய்த கலர் பாட்டிலில் பென்சில்தான் போட்டு வைத்திருந்தார். தண்ணீர் ஊற்றவே இல்லை! பசை தண்ணீரில் கரையும் என்று இவ்வளவு பெரிய மேனேஜருக்குத் தோன்றாமல் போய்விட்டதே!

"உன் தப்பு இல்லடி. யார் ஊத்தினாலும் இப்படித்தான் ஆகும்."

"நீ சும்மா சொல்றே."

"சத்தியமா!"

"சும்மாதான் சொல்றே!" தடபுடல் முகத்தைத் துணி மூட்டைக்குள் புதைத்துக்கொண்டாள்.

மேனேஜர் எழுந்தாள். ஜன்னலைப் பார்த்தாள். நீல பாட்டிலைக் கையில் எடுத்தாள். அதன் வழியே ஒரு தடவை தெருவைப் பார்த்துக்கொண்டாள். தெரு முழுவதும் நீலமாக, அவ்வளவு அழகாக இருந்தது. மனசு கேட்கவில்லைதான்.

ஆனாலும் மேசைக்கு அடியில் போய்த் தங்கையின் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "இங்க பாரு" என்று சொல்லி, நீல பாட்டிலில் தண்ணீரைக் கடகடவென்று ஊற்றினாள்.

"அய்யோ அக்கா! வேணாம்!"

முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு நீலம் மெல்ல மங்கியது. ஓர் ஓரம் சுருண்டது. சர்ரென்று முழுசாக வழுக்கிக்கொண்டு அடியில் போய் உட்கார்ந்தது.

தடபுடல் வாயைப் பிளந்தாள். பாட்டிலைப் பார்த்தாள். அக்காவின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள்.

"அப்போ... என் கை இல்லியா? பசைதான் காரணமா?"

"பசையும், விஷயம் தெரியாத மேனேஜரும்."

தடபுடல் களுக்கென்று சிரித்தாள். சிரித்த வேகத்தில் எழுந்து மேசையில் மண்டையை இடித்துக்கொண்டாள். மேலே இருந்த கத்தரிக்கோல் 'டங்' என்று விழுந்தது. இந்தத் தடவை மேனேஜருக்கு அந்தச் சத்தம் இனிமையாக இருந்தது.

"சரி, இப்போ பூவுக்கு என்ன பண்றது?" என்றாள் மேனேஜர். அவள் தங்கையிடம் யோசனை கேட்பது இதுதான் முதல் தடவை.

தடபுடல் அறை முழுக்கக் கண்ணை ஓட்டினாள். சித்தி டீ குடித்துவிட்டு வைத்திருந்த சின்னக் கண்ணாடி கிளாஸில் கண் நின்றது. "அதுல தண்ணி ஊத்தி, பாட்டிலுக்குள்ள இறக்கிடலாமா?"

சிவப்பு பாட்டிலுக்குள் கிளாஸ் கச்சிதமாக இறங்கியது. பூவுக்குத் தண்ணீர் கிடைத்தது, நிறத்துக்கு ஆபத்து இல்லை. பச்சை பாட்டிலுக்குப் பக்கத்து டீக்கடையிலிருந்து இன்னொரு கிளாஸ் வந்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒருவர் தயங்கி நின்றார். கால்சட்டையின் பின்பக்கத்தை ஒரு பையால் மறைத்திருந்தார். கடையின் முதல் வாடிக்கையாளர்!

"கிழிஞ்சிருச்சு. உடனே தைச்சுக் கொடுக்க முடியுமா?" என்றவர் ஜன்னலைப் பார்த்ததும் தன் அவசரத்தையே மறந்துவிட்டார். "அட, ரொம்ப அழகா இருக்கே! எங்கே வாங்கினீங்க?"

"வாங்கல, செஞ்சது" என்றாள் மேனேஜர்.

"என் பொண்ணுக்கு ஒண்ணு செஞ்சு தருவியாம்மா?"

மேனேஜர் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். உடனே மூடிக்கொண்டாள். தங்கையை மெல்ல முன்னால் தள்ளிவிட்டாள்.

"பாட்டில் விஷயமெல்லாம் இவங்ககிட்டதான் கேக்கணும் சார். எனக்கு அவ்வளவா தெரியாது."

மஞ்சள் கறை படிந்த கவுனை நீவிவிட்டுக்கொண்டு, தடபுடல் நெஞ்சை நிமிர்த்தினாள்.

"எந்தக் கலர் வேணும் சார்?"