கலாராணியின் காற்று

லுணுகலை பஸ் சந்தியில் இறக்கிவிட்டபோது பகல்தான். ஆனால் பனி அடைத்துக்கொண்டு, பாதையோரத் தேயிலைகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. விஜேந்திரன் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தான். புதுத் திருகுக் குமிழ் பத்திரமாக இருந்தது. டவுனில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன் அவன். கெட்டது எதுவானாலும் பாகத்தை மாற்றினால் சரியாகிவிடும் என்று நம்பிப் பிழைக்கிறவன். பாவம், அதே நம்பிக்கையோடுதான் தோட்டத்து லயத்து வீட்டுக்கு ஏறினான்.

பழுது, செத்துப்போன மனைவி கலாராணியின் ஃபேனில்.

அவளுக்கு நெஞ்சு வியாதி. கடைசி மாதங்களில் முகத்தில் காற்றுப் பட்டால்தான் மூச்சே விட முடிந்தது. மேசை ஃபேன் போட்டாலோ குளிரில் நடுங்குவாள். அதனால் பழைய கம்ப்யூட்டரில் இருந்து உள்ளங்கையளவு ஃபேனைக் கழற்றி, ஒரு டிரான்சிஸ்டரும் திருகுக் குமிழும் சேர்த்துச் சின்ன சர்க்கிட் ஒன்று கட்டிக் கொடுத்தான். குமிழைத் திருகினால் டிரான்சிஸ்டர் விடுகிற கரண்ட் கூடும், குறையும், காற்றும் அப்படியே. குறைந்த வேகத்தில் போட்டால் ஃபேன் முனகுமே தவிர சுழலாது. முழு வேகத்தில் கிளப்பிவிட்டுத்தான் குறைக்க வேண்டும்.

கருமாதிப் படையலில் அவளுடைய சேலையோடு அந்த ஃபேனையும் ஓடவிட்டு வைத்தார்கள். செத்தவர்களுக்கென்று படைத்த பொருளைத் திரும்ப வீட்டில் புழங்கக் கூடாது, ஆற்றில் விட்டுவிட வேண்டும் என்பது அந்த லயத்து வழக்கம். சேலை ஆற்றோடு போனது. ஃபேனை மட்டும் விஜேந்திரன் துண்டில் சுற்றி மறைத்துக் கொண்டுவந்துவிட்டான். அந்தச் சத்தம் இல்லாமல் தூங்க மாட்டேன் என்று மகள் விதுஷா அழுதாள். அவனுக்கும் மனசு வரவில்லை.

அதன் பிறகுதான் யாரும் தொடாமலே வேகம் ஏறி இறங்க ஆரம்பித்தது. டிரான்சிஸ்டரை மாற்றினான். ஈயப்பற்றை எல்லாம் உருக்கிப் புதிதாக வைத்தான். மிச்சம் குமிழ் ஒன்றுதான்.

கதவைத் திறந்ததும் தைல வாசனை வந்தது. கலாராணி நெஞ்சில் தேய்க்கிற தைலம். அந்தப் போத்தல் தீர்ந்து எவ்வளவோ காலமாயிற்று.

கட்டிலில் விதுஷா கண்மூடிக் கிடந்தாள். காலையில் லேசான சளி என்றுதான் விட்டுப் போயிருந்தான். பக்கத்தில் இராக்கம்மா, கலாராணியின் சின்னம்மா, விளக்கெண்ணெய் குடித்தவள்போல முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தம்பி, புள்ள மூச்சப் பாருங்க," என்றாள் தணிந்த குரலில். "அது சுத்துற மாதிரியே இவளும் இழுக்குறா."

பார்த்தான்.

ஃபேன் வேகமெடுத்தது. பிள்ளையின் நெஞ்சு ஏறியது.

ஃபேன் தணிந்தது. நெஞ்சு இறங்கியது.

"அத நிறுத்துங்க தம்பி!"

பிளக்கைப் பிடுங்கினான். ஃபேன் நின்றது.

விதுஷாவின் மூச்சும் நின்றது.

உதடு நீலம் பூத்தது. பதறிப்போய்ப் பிளக்கைத் திரும்பச் செருகினான். ஃபேன் முனகியது, சுழலவில்லை. குமிழைக் கடைசிவரை திருகினான். சடாரென்று சுழன்றது. பிள்ளை தண்ணீருக்குள் இருந்து எழுந்தவள்போல மூச்சை இழுத்தாள். விஜேந்திரனுக்கு உயிர் போய் வந்தது.

இராக்கம்மா அவனையே பார்த்தாள். "இத ஆத்துல விட்டுட்டேன்னு தானே சொன்னீங்க?"

அவன் குமிழிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அவளுக்குக் குடுத்தத புடுங்கிக்கிட்டு வந்துட்டீங்களே. இனி வெறுங்கையோட போவாளா அவ?"

"அத்தை, லொறிக்காரர கூட்டியாங்க. பதுளை ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம். லொறி பேட்டரியிலயே இத ஓட்டிறலாம்."

அவள் ஓடினாள். அவன் வயர்களைச் சீவி முறுக்கினான். ஃபேனுக்கும் லொறி பேட்டரிக்கும் ஒரே பன்னிரண்டு வோல்ட்தான். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை பிள்ளை மூச்சு விட்டால் போதும், டாக்டர்மார் பார்த்துக்கொள்வார்கள். இந்தக் கணக்கு சரியாகத்தான் இருந்தது.

பல்பு அணைந்தது.

லயம் முழுக்கக் கரண்ட் போய்விட்டது. விஜேந்திரன் ஃபேனைப் பார்க்கப் பயந்து கண்ணை மூடிக்கொண்டான்.

சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது.

கரண்ட் இல்லாமலே ஃபேன் சுழன்றது. தைல வாசனை நெருங்கி வந்தது. அவனுக்குப் பயத்தைவிட நன்றிதான் முந்திக்கொண்டது. வெட்கமில்லாமல் அழுதான்.

"கலா... தப்பு என்னோடது. நான் வாறேன். புள்ளய விட்டுரும்மா."

ஃபேன் மெல்லத் தணிந்தது.

குமிழைத் திருகினான். கடைசிவரை திருகினான். குமிழ்தான் வெறுமனே சுற்றியது.

கீழே வளைவில் லொறி ஹோர்ன் கேட்டது. "இந்தா வந்துட்டாங்க பாப்பா, இந்தா வந்துட்டாங்க," என்று கட்டில் விளிம்பில் உட்கார்ந்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டான். கை சில்லிட்டிருந்தது.

விதுஷா கண்ணைத் திறந்தாள். மூச்சு வாங்கவில்லை, முகத்தில் நோவு இல்லை. அவனைத் தாண்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"அப்பா, கொஞ்சம் தள்ளிக்குங்க. அம்மாவுக்கு எடம் பத்தல."

ஃபேன் நின்றது.

அவன் எழவில்லை. அவனுக்கும் மகளுக்கும் நடுவே மெத்தை மெதுவாக அமுங்கியது.