செல்ஃப் எடுக்காத வண்டி

சாவி அவன் சட்டைப் பையில் இருந்தது. அப்படியும் மீட்டர் பன்னிரண்டு வோல்ட் காட்டியது.

அவன் குனிந்து இணைப்பைப் பார்த்தான். மீட்டரின் சிவப்பு முனை, எஞ்சினைச் சுழற்றி ஸ்டார்ட் செய்யும் செல்ஃப் மோட்டாருக்குப் போகும் மெல்லிய ஒயரைக் கவ்வியிருந்தது. கறுப்பு முனை பேட்டரியின் எர்த் பக்கத்தை. அந்த மெல்லிய ஒயரில் கரண்ட் வர ஒரே ஒரு வழிதான் உண்டு. யாராவது உள்ளே உட்கார்ந்து சாவியைக் கடைசி வரை திருப்ப வேண்டும். கையை எடுத்ததும் கரண்ட் போய்விடும். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண் இறங்கி பூஜ்யமானது.

காருக்குள் யாரும் இல்லை. பட்டறையிலும் யாரும் இல்லை. விடுமுறை நாள், பிற்பகல் மூன்று மணி. ஷட்டரை முழங்கால் உயரத்துக்கு இறக்கி விட்டிருந்தான். கீழே இருந்த இடைவெளியில் தெருவின் ஈர வெளிச்சம் ஒரு பட்டையாக உள்ளே விழுந்தது. தகரக் கூரையில் மழை ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. பழைய ஆயிலும் ஈரத் துணியும் பேட்டரி அமிலமும் சேர்ந்த வாசனை, இருபது வருடமாக அவன் மூக்குக்குப் பழகிய வாசனை, இன்று ஏனோ தொண்டையில் நின்றது.

ஈரத்தில் எங்கோ ஒயர் உரசுகிறது என்று தனக்குச் சொல்லிக்கொண்டான். யாருக்குச் சொன்னாலும் நம்பியிருப்பார்கள். அவன் சொன்னால் நம்புவார்கள்.

கழுத்தில் எப்போதும் மல்டிமீட்டர் தொங்குவதால் அவனுக்குப் பெயரே மீட்டர் என்று ஆகிவிட்டிருந்தது. எந்த வண்டியானாலும் ரெண்டு ஒயரைத் தொட்டுப் பார்த்து நோயைச் சொல்லிவிடுவான் என்று பேச்சு. அவன் மனைவிக்குக் காய்ச்சல் வந்தால்கூட முதலில் மீட்டரை வைத்துப் பார்ப்பான் என்று எதிர் டீக்கடைக்காரர் கேலி செய்வார். அந்தப் பெயரில் அவனுக்குப் பெருமை இருந்தது. இரண்டு மாதம் முன்பு வரை இருந்தது.

இந்த வண்டி ஓய்வு பெற்ற ஒரு தபால்காரருடையது. ஒருநாள் காலையில் அவரே ஓட்டிக்கொண்டு வந்தார். சில நேரம் உடனே ஸ்டார்ட் ஆகிறது, சில நேரம் டிக் என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடுகிறது, கொஞ்சம் பொறுத்துத் திருப்பினால் மறுபடி எடுக்கிறது என்றார். வந்து வந்து போகும் கோளாறு. அதைக் கண்டுபிடிக்கச் சாவியைத் திருப்பும் அந்த நொடியில் ஒவ்வொரு கேபிளிலும் எவ்வளவு வோல்ட் வீணாகிறது என்று அளக்க வேண்டும். வண்டிக்கு அடியில் படுத்து, எஞ்சினைப் பேட்டரியோடு இணைக்கும் எர்த் கேபிளைப் பார்க்க வேண்டும். பத்து நிமிட வேலை.

அன்று அவன் புதுச் சட்டை போட்டிருந்தான். மச்சினி குடும்பம் சாப்பிட வருவதாக இருந்தது. தரை நனைந்திருந்தது. சாவியை ஐந்தாறு தடவை திருப்பினான், ஒவ்வொரு தடவையும் வண்டி எடுத்தது. பேட்டரி முனைகளைச் சுரண்டி முடுக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு சொன்னான்.

"எல்லாத்தையும் மீட்டர் வச்சுப் பாத்துட்டேன் சார். ஒண்ணுமில்ல."

கழுத்தில் தொங்கிய மீட்டரை அன்று அவன் ஆன் செய்யவே இல்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் தபால்காரருக்கு நெஞ்சு வலித்தது. மகள் அவரைத் தாங்கிப் பின் சீட்டில் படுக்க வைத்து, முன்னால் உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். டிக். மறுபடி திருப்பினாள். டிக். ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிடம் ஆனது.

துக்கத்துக்குப் போனபோது வாசலில் வண்டி அப்படியே நின்றது. யாரோ ஒருவர் உள்ளே ஏறிச் சாவியைத் திருப்ப, முதல் தடவையிலேயே எடுத்தது. கூட்டம் முழுக்க அவனைத் திரும்பிப் பார்த்தது. நீதானே பார்த்தாய், கோளாறு ஏதும் இருந்ததா என்று இறந்தவரின் தம்பி கேட்டார். அவன், வண்டியில் ஒன்றுமில்லை, பதட்டத்தில் பாப்பா சாவியைச் சரியாகத் திருப்பியிருக்காது என்றான். உடனே தாய்க்காரி மகளைப் பார்த்து, ஒரு வண்டியை எடுக்கத் துப்பில்லாமல் அப்பனைக் கொன்றுவிட்டாயே என்று தலையில் அடித்துக்கொண்டாள். அந்தப் பெண் அழவில்லை. அவனைப் பார்த்தாள். பிறகு, சரிதான் என்பது போல மெல்லத் தலையாட்டினாள்.

அந்தத் தலையாட்டல் அவனைத் தூங்கவிடவில்லை. சோற்றில் கை வைத்தால் வந்தது. கண்ணாடியில் முகம் பார்த்தால் வந்தது.

நேற்று அவளே வண்டியைக் கொண்டு வந்து விட்டாள். பாதியாக இளைத்திருந்தாள். அம்மா இரண்டு மாதமாகத் தன்னோடு பேசுவதில்லை, வண்டியை விற்கச் சொல்கிறார்கள் என்றாள். சாவியை அவன் கையில் வைத்துவிட்டு, "அதுக்கு முன்னாடி இன்னொரு தடவை நல்லாப் பாத்துச் சொல்லுங்கண்ணே," என்றாள். "என் தப்புன்னா என் தப்புதான். தெரிஞ்சாப் போதும்."

அதனால்தான் இந்த விடுமுறை நாள். அதனால்தான் பாதி இறங்கிய ஷட்டர். அவன் எதைக் கண்டுபிடிக்கப் போகிறான் என்பது அவனுக்குத் தெரியும். அதை அவன் கண்டுபிடிக்கும்போது யாரும் பார்க்கக் கூடாது.

மழைச் சத்தத்தில் இதுவரை கவனிக்காமல் விட்ட ஒன்று இப்போது கேட்டது.

டிக்.

மீட்டரில் பன்னிரண்டு. பிறகு பூஜ்யம்.

அவன் வேலையைத் துரிதப்படுத்தினான். முனைகளை இடம் மாற்றினான். ஒன்று பேட்டரியின் எர்த்தில், மற்றது எஞ்சினின் வெறும் இரும்பில். மீட்டரைக் கண்ணாடி வைப்பருக்கு அடியில் தன்னைப் பார்க்க நிறுத்திவிட்டு உள்ளே ஏறி உட்கார்ந்தான். சீட் சில்லென்றிருந்தது. சாவியைத் திருப்பினான். வண்டி எடுத்தது, மீட்டரில் ஒன்றுமில்லை. அணைத்துத் திருப்பினான். எடுத்தது. நான்காவது தடவை, டிக். வண்டி எடுக்கவில்லை. மீட்டரில் ஒன்பதுக்கு மேல்.

அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாத இடம் அது. பேட்டரியின் பலமெல்லாம் அந்த எர்த் கேபிளிலேயே செத்துக்கொண்டிருந்தது.

இறங்கி, தரையில் படுத்து, கேபிளைக் கழற்றி எடுத்தான். வெளியே உறை பளபளவென்று இருந்தது. எழுந்து உட்கார்ந்து கத்தியால் கீறியதும் உள்ளே இருந்து பச்சைத் தூள் அவன் மடியில் கொட்டியது. நூறு இழைகளில் ஏழெட்டு மிஞ்சியிருந்தால் அதிகம். அவை சில நேரம் தொட்டன, சில நேரம் தொடவில்லை. அவ்வளவுதான் விஷயம். பத்து நிமிடம்.

அவன் கொஞ்ச நேரம் அந்தத் தூளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து கேபிளைச் சுருட்டிப் பழைய இரும்புக் குவியலுக்கு அடியில், கை எட்டும் மட்டும் உள்ளே, திணித்தான். புதுக் கேபிள் போட்டுவிடலாம். இனி எத்தனை தடவை திருப்பினாலும் எடுக்கும். ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாம். யாருடைய கண்ணும் இல்லாத இடத்திலும் அவன் காது மடல்கள் சுட்டன.

புதுக் கேபிள் மாட்ட வசதியாகப் பேட்டரியைத் தூக்கி மேசைமேல் வைத்தான். மீட்டரின் சிவப்பு முனையை எடுத்து, பழைய பழக்கத்தில், அந்த மெல்லிய ஒயரிலேயே மாட்டினான். கறுப்பு முனை எதையும் தொடாமல் தொங்கியது. வண்டியில் இப்போது ஒரு பொட்டுக் கரண்ட் கிடையாது.

டிக்.

மீட்டரில் பன்னிரண்டு.

அவன் கை அந்தரத்தில் நின்றது.

டிக். சிறிது இடைவெளி. டிக். நிதானமான கை; ஒரு தடவை திருப்பி, பொறுத்து, மறுபடி திருப்பும் கை. பிறகு இடைவெளி குறைந்தது. டிக். டிக். டிக். அவன் எத்தனையோ கைகளின் திருப்பலைக் கேட்டவன். அரைகுறையாகத் திருப்பினால் சத்தம் வேறு, பதறித் திருப்பினால் வேறு. இது ஒவ்வொரு தடவையும் கடைசி வரை போனது. ஒவ்வொரு தடவையும் சரியாக. அந்தப் பெண் எங்குமே தப்புச் செய்யவில்லை.

அவன் மீட்டரை அணைத்தான். எண் போகவில்லை.

இடது பக்கப் பின் கதவுக் கண்ணாடியில், கீழ் ஓரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஆவி படிந்திருந்தது. உள் பக்கம். படுத்திருக்கும் ஒரு ஆளின் வாய் இருக்கும் உயரம். அவன் பார்க்கப் பார்க்க அது சுருங்கியது. பிறகு விரிந்தது. சுருங்கியது.

விரிந்தது.

போன் அடித்தது. அவள்தான். கையெல்லாம் கிரீஸ். விரல் நுனியால் அழுத்தி ஸ்பீக்கரில் போட்டான்.

"பாத்தீங்களாண்ணே?"

"பாத்தேம்மா." குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "வண்டியில..."

டிக்.

"வண்டியில என்னண்ணே?"

பின் கண்ணாடியில் ஆவி விரிந்து, அப்படியே நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு எதையோ கேட்பதற்குக் காத்திருப்பது போல. மழைகூடத் தணிந்துவிட்டிருந்தது.

அவன் சொன்னான். புதுச் சட்டையைச் சொன்னான், ஈரத் தரையைச் சொன்னான், அன்று மீட்டரை ஆனே செய்யவில்லை என்பதைச் சொன்னான். உங்கள் வாசலில் நின்று பொய் சொன்னேன் என்றான். கேபிள் உள்ளே செத்துக் கிடந்தது, சற்று முன் அதைக்கூட ஒளித்து வைத்தேன் என்றான். சொல்லச் சொல்ல முதுகு வளைந்தது.

"உன் மேல தப்பே இல்லம்மா," என்றான்.

திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டினால் போதும் என்றிருந்தது.

"அண்ணே, பக்கத்துல யாரு?"

"யாருமில்லம்மா. நான் மட்டும்தான்."

"இல்ல. இருமுறாங்க."

அவன் காதைத் தீட்டினான். கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர். வேறொன்றுமில்லை. ஆனால் கண்ணாடியில் அந்த ஆவி சட்டென்று குலுங்கி விரிந்தது. இரண்டு தடவை. இருமலை அவன் கேட்கவில்லை. பார்த்தான்.

"போனை அப்பாகிட்ட குடுங்க," என்றாள் அவள்.

அழுகை இல்லை அந்தக் குரலில். நடுக்கமும் இல்லை. வெளியூரிலிருந்து தினமும் வீட்டுக்குப் பேசும் ஒரு மகளின் குரல் போல இருந்தது.

பின் கண்ணாடி இறங்கத் தொடங்கியது. உள்ளே கைப்பிடியைச் சுற்றினால் இறங்கும் பழைய கண்ணாடி. ஒரு சுற்று இறங்கி நின்றது. இளைப்பாறியது. இன்னொரு சுற்று. நான்கு விரல் நுழையும் இடைவெளி வந்ததும் நின்றது. உள்ளே இருட்டாக இருந்தது. வெளியே பிற்பகல், கண்ணாடிகள் எல்லாம் கறுப்புத் தாள் ஒட்டாத வெறும் கண்ணாடிகள், ஆனாலும் உள்ளே இருட்டு. அதிலிருந்து வலி மருந்தும் வியர்வையும் கலந்த வாசனை வந்தது.

ஷட்டர் நான்கு எட்டில் இருந்தது. குனிந்து ஓடிவிடலாம்.

கால் எழவில்லை. ஓட என்ன யோக்கியதை இருக்கிறது என்று ஒரு நினைப்பு வந்தது. கை நீண்டது. போன் இடைவெளிக்குள் போனது.

யாரும் பிடுங்கவில்லை. குளிர்ந்த, ஈரமான விரல்கள் அவன் விரல்கள்மேல் ஒரு கணம் அமர்ந்து, அவசரமில்லாமல் போனை வாங்கிக்கொண்டன. கண்ணாடி ஏறி மூடிக்கொண்டது.

உள்ளே பேச்சு தொடங்கியது. தாழ்ந்த, மூச்சு வாங்கும் ஆண் குரல். வார்த்தைகள் பிடிபடவில்லை. நடுநடுவே ஸ்பீக்கரில் அவள் 'ம்' கொட்டுவது மட்டும் தெளிவாகக் கேட்டது. ம். ம். சரிப்பா. பேசப் பேச ஆவி கண்ணாடி முழுக்க ஏறியது. முன் கண்ணாடிக்கும் பரவியது. வண்டி முழுவதும் உள்ளிருந்து வெளுத்தது.

பேச்சு நின்றது.

வெளுத்த கண்ணாடியில், அவன் முகத்துக்கு நேரே, உள்ளிருந்து ஒரு உள்ளங்கை வந்து படிந்தது. இடமிருந்து வலமாக, மெதுவாக, ஆவியைத் துடைத்தது. அவனைப் பார்ப்பதற்கு.

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.