ஒலிபெருக்கியில் வராத பெயர்

லேசிலியின் அப்பா ஆள் மலை மாதிரி இருப்பார். அமெரிக்கக் கால்பந்தில் ஆந்தை அணிக்காக முன்வரிசையில் நிற்பார். பந்தை எறிகிறவனிடம் எதிரணி நெருங்காமல் தடுப்பதுதான் அவர் வேலை. பந்தை அவர் தொடுவதே இல்லை.

"அப்போ உங்கப்பா சும்மாதான் நிக்கிறாரா?" என்று கேட்டான் பக்கத்து இருக்கை கோல்பி.

லேசிலிக்குச் சுருக்கென்றது. இந்தப் பள்ளியில் அவளிடம் பேசுகிறவனே அவன் ஒருவன்தான். அவனும் இப்படியா பேச வேண்டும்? அப்பாவுக்கு அணி மாற மாற, இவளுக்கு ஊரும் பள்ளியும் மாறும். ஒரு தோழி கிடைப்பதற்குள் பெட்டி கட்ட வேண்டியிருக்கும்.

வீட்டில் அப்பா முழங்காலில் ஐஸ் பையோடு உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, ஒலிபெருக்கியில உங்க பேரை ஏன் சொல்றதே இல்ல?"

"தப்பு பண்ணினா உடனே சொல்லுவாங்களே!" அப்பா சிரித்தார். "டோங்கா தீவுலேருந்து வந்த புதுசுல என்ன கூத்து தெரியுமா? நம்ம ரக்பியில பந்து இல்லாதவனைத் தொடக்கூடாது. இங்க ஒருத்தன் வெறுங்கையோட ஓடி வந்தான். பாவம்னு வழிவிட்டேன். பந்தை எறியிற எங்க ஆளு சப்பையாயிட்டான்!"

லேசிலி விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பாவின் சிரிப்பு மட்டும் பாதியில் நின்றது.

"சனிக்கிழமைதான் கடைசி ஆட்டம்மா. முழங்கால் இனிமே தாங்காது."

இத்தனை வருடம் ஆடிய அப்பாவின் பெயரைத் தப்புக்காக மட்டும்தான் ஊர் கேட்டிருக்கிறது. நல்லதுக்காக ஒரு தடவையாவது யாராவது கூப்பிட வேண்டாமா? தானே கூப்பிடுவது என்று லேசிலி முடிவு செய்தாள்.

சனிக்கிழமை அம்மா, தம்பியோடு லேசிலி போனபோது அரங்கம் நிரம்பி வழிந்தது. அவள் கத்திய கத்து அவளுக்கே கேட்கவில்லை. தொண்டை வலித்ததுதான் மிச்சம்.

ஆட்டம் முடியும் நேரத்தில் திடீரென்று எல்லாரும் கப்சிப். பந்தை எறிகிறவன் சொல்லும் குறிச்சொல் தன் ஆட்களுக்குக் கேட்கட்டும் என்று ஊரே வாயை மூடிக்கொள்ளும் நேரம் அது. இதுதான் சமயம்! லேசிலி வாயைத் திறந்தாள்.

சட்டென்று இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள். பந்து கிளம்பும் முன் அப்பா துளி அசைந்தாலும் தப்பு. மகள் குரல் கேட்டுத் திரும்பிவிட்டால்?

அப்பா அசையவில்லை. எதிராளியை அப்படியே நிறுத்தினார். பந்தை வாங்கி ஓடியவன் ஜெயித்துக் கொடுத்தான். ஊரே அவன் பெயரைச் சொல்லிக் கூத்தாடியது. லேசிலிக்கு அழுகை முட்டியது.

கூட்டம் கலைந்தது. "கிளம்புடி, தம்பிக்குக் குளிருது" என்றாள் அம்மா.

"கொஞ்சம் இரும்மா."

கீழே பெஞ்சில் அப்பா தனியாக உட்கார்ந்து கையில் சுற்றியிருந்த பட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் காலி நாற்காலிகள்தான். இப்போது கத்தினால் யாருக்கும் கெடுதல் இல்லை.

"ஃபெலெட்டி வைகோனா!"

அரங்கம் அதிர்ந்தது. "அடியே! அப்பாவைப் பேர் சொல்லியா கூப்பிடுற? டோங்காக்காரப் பொண்ணா நீ?" என்று அம்மா பதறினாள்.

அப்பா திடுக்கிட்டு எழுந்து கைகளைத் தூக்கினார்.

"என்ன தப்பு பண்ணினேன்?"

"ஒண்ணுமே பண்ணலப்பா! நல்லா ஆடினீங்க!"

அந்த மலை மனிதர் முகத்தைப் பொத்திக்கொண்டு மறுபடி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். லேசிலி இன்னொரு தடவை, இன்னும் உரக்கக் கூப்பிட்டாள். இந்தத் தடவை அம்மாவும் சேர்ந்துகொண்டாள்.