அறுந்தது ஒரு நரம்பு

டக்... டக்... டக்...

மூடிக் கிடந்த அரங்கத்துக்குள் யாரோ பந்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்!

முடிச்சு பக்கவாசலிலேயே நின்றுவிட்டார். பகல் பதினோரு மணி வெயில்.

டென்னிஸ் ராக்கெட்டுகளுக்கு நரம்பு கட்டுவது அவர் தொழில். அதனால் ஊருக்கே அவர் 'முடிச்சு'. இந்த உள்ளரங்கத்தில் நடந்த ஆண்கள் டென்னிஸ் போட்டிக்கு மூன்றே வருட ஆயுள். மூன்றாம் வருடம், இறுதி ஆட்டத்தன்று காலை, நரம்பு கட்டும் அறையில் சாம்பியன் செத்துக் கிடந்தான். நெற்றிப்பொட்டில் அடி. பக்கத்தில் அவனுடைய ராக்கெட்... நரம்புகள் மொத்தமும் வெட்டப்பட்டு!

அன்றோடு போட்டிக்கும் மூடுவிழா.

நான்கு வருடமாக முடிச்சுக்கு ஒழுங்கான தூக்கமில்லை. இன்று ஒரு கையெழுத்துப் போட்டால் வழக்கை முடித்துவிடுவதாக இன்ஸ்பெக்டர் அம்மா போனில் சொல்லியிருந்தார். நாளை அரங்கத்தையே இடிக்கப் போகிறார்கள். அதற்கப்புறம் நிம்மதி.

டக்... டக்... டக்...

ஆறு. பிறகு சத்தமில்லை.

சர்வ் போடுமுன் ஆறு தடவை தட்டுவது சாம்பியனின் வழக்கம்!

விழுந்தடித்துக்கொண்டு உள்ளே போனார். அதே அறை. அதே மேஜை. அவருடைய பழைய கத்தரிகூட அங்கேயே இருந்தது. புது நரம்பு கட்டிய ராக்கெட் ஒன்றைக் கையில் வைத்தபடி இன்ஸ்பெக்டர் அம்மா உட்கார்ந்திருந்தார்.

"அன்னிக்குக் காலையில நீங்க இந்த ரூமுக்கு வரவேயில்லை?"

"வரலை மேடம். சத்தியமா."

யாரோ ஆத்திரத்தில் நரம்புகளை வெட்டியிருக்கிறார்கள் என்று எழுதியிருப்பதாகச் சொல்லி, காகிதத்தை நகர்த்தினார் இன்ஸ்பெக்டர் அம்மா. முடிச்சு பேனாவை எடுத்தார்.

பட்!

ராக்கெட்டில் ஒரு நரம்பு அறுந்தது.

பேனா கீழே விழுந்தது. ராக்கெட்டும் கத்தரியும் எப்படிக் கைக்கு வந்தனவென்று முடிச்சுக்கே தெரியாது. நடுவிலிருந்து வெளிப்பக்கமாக... கிரிச்... கிரிச்... கிரிச்...

"ஏன் வெட்டறீங்க?"

"ஒண்ணு அறுந்தா மிச்சத்தை உடனே வெட்டிடணும் மேடம். இல்லேன்னா இழுவை ஒரு பக்கமா சேர்ந்து, ராக்கெட் சட்டம் கோணி..."

கத்தரி பாதியில் நின்றது.

இன்ஸ்பெக்டர் அம்மா உள்ளங்கையைத் திறந்தார். அதில் ஒரு பிளேடு.

"போன வாரம் எங்க வீட்டுக்காரரோட, நரம்பு அறுந்த ராக்கெட்டைக் கடையில குடுத்தேன். கடைக்காரர் பேச்சை நிறுத்தாம இதையேதான் செஞ்சார். நாலு வருஷமா ஆத்திரம்னு நெனச்சது, வெறும் தொழில் பழக்கம்!"

முடிச்சு சுவரோரம் சரிந்து உட்கார்ந்து அழுதார். ஒளிக்க இனி எதுவும் மிச்சமில்லை.

"கை நடுங்குதுன்னு சொன்னான் மேடம். இனிமே எந்தப் போட்டியிலயும் என்னைத் தொட விடமாட்டேன்னான். முப்பது வருஷத் தொழில்... அவன் ராக்கெட்டாலயே ஒரே அடிதான். நரம்பு அறுந்துடுச்சு. அவன் கீழே கிடக்கறான்... நான் ராக்கெட்டைக் காப்பாத்திக்கிட்டு நிக்கறேன்."

கைவிலங்கு மாட்டியதும் அவருக்கு ஒரு சந்தேகம்.

"பந்து தட்ட ஆள் வெச்சது கொஞ்சம் ஓவர் மேடம்."

"எந்தப் பந்து?"

"வெளியில... ஆறு தடவை..."

இன்ஸ்பெக்டர் அம்மா கதவைத் திறந்து காட்டினார். தரைவிரிப்பு உரிக்கப்பட்டு, வலை கழற்றப்பட்டு, அரங்கம் காலியாகக் கிடந்தது. ஒரு காக்காய்கூட இல்லை.

டக்...

முடிச்சு சட்டென்று திரும்பிப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் அம்மா காதைத் தீட்டிக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே. உங்களுக்கு மட்டும்தான் சர்வ் போடறார் போல. வாங்க... ஸ்டேஷன்ல உட்கார்ந்து திருப்பி அடிக்கலாம்!"